சிங்கப்பூர் ஆற்றுக்குச் சைக்கிளில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஆறு பேர் என்னை நிறுத்தி வழி கேட்டார்கள். எல்லாரும் நம்ம ஆட்கள், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஆறு சைக்கிளும் வாடகை. "சாங்கி வரை போய்ட்டு, திரும்பி வந்து கடைசியா சிங்கப்பூர் ஆறு அண்ணே. லைட் போட்டப்புறம் சூப்பரா இருக்கும்ல?" என்றார் ஒரு தம்பி.

2014-இல் நான் சொன்ன அதே வசனம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுச் சாங்கி பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தலைக்கவசம் போடுங்கள், டயரில் காற்று பாருங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஆற்றை மாலைக்கு விட்டுவைப்பது

சிங்கப்பூர் ஆறு மொத்தமே 3 கிலோமீட்டர் சொச்சம். புதியவர்கள் வரைபடத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே, திரும்பும்போது பார்த்துக்கலாம்" என்று முடிவு செய்கிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த 3 கிலோமீட்டரில்தான் 200 வருட ஊர் இருக்கிறது. மிச்சமெல்லாம் காற்று வாங்கும் பாதை.

ஆற்றோர உணவுக்கடை வரிசையான போட் கீயில் மாலை ஏழு மணிக்கு என்ன நடக்கும் தெரியுமா? பழைய கடைவீடுகளில் சமையற்கட்டு ஒரு பக்கம், தண்ணீரை ஒட்டி மேசைகள் மறுபக்கம், நடுவில் நாம் போகும் வழி. பரிமாறுகிறவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வழியைக் குறுக்கே கடந்தபடியே இருப்பார்கள். அவர்கள் பார்வை தட்டில் இருக்கும், நம் பார்வை ஆற்றில் தெரியும் விளக்கில் இருக்கும்.

2014-இல் திருச்சியில் என்னோடு படித்த நண்பன் மூன்று நாள் பயணமாக வந்திருந்தான். காரைக்குடிக்காரன். அவனுடைய கொள்ளுத்தாத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். கிட்டங்கி இப்போது இல்லை, அந்த இடமெல்லாம் வானுயரக் கட்டடம். ஆனால் கொள்ளுத்தாத்தா கும்பிட்ட டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், 1859-இல் செட்டியார்கள் கட்டியது, அங்கேயேதான் இருக்கிறது. வேறு எதையும் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் காட்டு என்றுதான் வந்தான். நானோ பெரிய ஆள் மாதிரி, "முதலில் சாங்கி, கடற்கரை, மரினா அணை, எல்லாம் முடித்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் ஆறு, கடைசியில் கோயில்" என்று திட்டம் போட்டேன்.

ஏழரை மணிக்குப் போட் கீ வந்தபோது இருவருக்கும் கால் கெஞ்சியது. சனிக்கிழமைக் கூட்டம் வேறு. இறங்கித் தள்ளியிருக்க வேண்டும், தள்ளவில்லை. ஒரு கடையிலிருந்து மிளகாய் நண்டோடு வெளியே வந்தவர்மீது நேராகப் போய் இடித்தேன். அவருக்கு நல்லவேளையாக அடி இல்லை. நண்டு தரையில், குழம்பு என் சட்டையில், தட்டு நாலு துண்டு. தவறு முழுக்க என்னுடையது. நண்டுக்கும் தட்டுக்கும் சேர்த்து 130 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். முன்சக்கரம் கோணி பிரேக்கில் உரச, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வாடகைக் கடைக்கு டாக்சி பிடித்ததிலும் விளிம்பு மாற்றியதிலும் இன்னொரு 90 வெள்ளி. அதற்குள் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனுக்கு விமானம். இன்றைக்கும் தொலைபேசியில் பேசினால், "நண்டு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பான்.

220 வெள்ளி போனதுகூட மறந்துவிட்டது. கோயிலைக் காட்டாமல் அனுப்பியதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அப்போ எப்படிப் போவது? தலைகீழாகப் போடுங்கள். இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். அந்நேரத்தில் ஆற்று முகத்தில், கேவனா பாலத்தருகே நில்லுங்கள். 1869-இல் கட்டிய பாலம். 1910-இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் வந்த பிறகு இது நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடு குதிரைகளும் வரக்கூடாது என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. அது 152 கிலோ. என்னையும் என் சைக்கிளையும் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும் (மருத்துவர் வேறு மாதிரி நினைக்கிறார்). இருந்தாலும் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள்.

காலையில் போட் கீயில் நாற்காலிகள் அடுக்கிக் கட்டியிருக்கும், கழுவிவிட்ட தரை ஈரமாக இருக்கும். ஆறு வயிறு தள்ளினாற்போல் வளைவது அப்போதுதான் கண்ணில் படும். கெண்டை மீனின் வயிறு, அங்கே கடை போட்டால் செல்வம் கொழிக்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை. தொடக்க காலத்தில் இந்த ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள். தோணிகளும் பட்டறைகளும் கழிவுமாக நாறிக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்ய 1977-இல் தொடங்கி 1987 வரை ஆனது. நின்று யோசிக்க இடமும் அமைதியும் அந்நேரத்தில்தான் கிடைக்கும்.

எல்ஜின் பாலம் வந்ததும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில். 1819-இல் ராஃபிள்சோடு வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பியது. திரும்பி வந்து கிளார்க் கீ வழியாக டேங்க் ரோடு. இங்குள்ள கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் முருகனைப் பார்த்துவிட வேண்டும். கடற்கரையும் சாங்கியும் அதற்குப் பிறகு. அங்கே நடை சாத்த மாட்டார்கள்.

விளக்கு வெளிச்சம் பார்த்தே ஆக வேண்டுமா? சரி, சாப்பிட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

பாலத்தடியில் வேகம்

குறுகல், வளைவு, எதிரே வருபவர் தெரியாது. மணியடித்துவிட்டு மெதுவாகப் போங்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25. இரண்டும் உச்சவரம்பு.

ஆறு பேர் ஒரே வரிசையில்

சாலையில் ஒற்றை வரிசையாகப் போனால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. 2022 முதல் இது விதி. ஆறாவது ஆள் கொஞ்சம் இடைவெளி விட்டு வரட்டும்.

"களைத்தால் எம்ஆர்டியில் ஏறிக்கொள்வேன்"

மடிக்கிற சைக்கிளாக இருந்தால் எம்ஆர்டி ரயிலில் ஏறலாம். மடித்த பிறகு 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் சைக்கிள் மடியாது என்றால் வடக்கே பீஷான் வட்டாரத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். ஒரு தடவை அங்கிருந்து என் புளோக் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். பஞ்சர்.

பகிர்வு சைக்கிள் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை உண்டு. நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முடியும். கட்டத்துக்கு வெளியே போட்டுவிட்டு வந்தால் 5 வெள்ளி பிடிப்பார்கள். எங்கே சாப்பிடுவது என்று திட்டமிடும்போதே எங்கே நிறுத்துவது என்றும் பார்த்து வையுங்கள்.

காலாங் ஆற்றை மறந்துவிடுவது

'ஆறு' என்றாலே போட் கீ மட்டும் என்று நினைக்கிறார்கள். இங்கே மிக நீளமான ஆறு காலாங் ஆறு, சுமார் 10 கிலோமீட்டர். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் வடிநிலம் வரை, வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே ஓடுகிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேர்க்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக இருந்ததை 2012-இல் புல்லும் பாறையுமாக வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். டேங்க் ரோட்டிலிருந்து வருகிறவர்கள் பென்கூலன் ஸ்ட்ரீட் சைக்கிள் பாதையைப் பிடித்து, ரோச்சோர் வாய்க்காலை ஒட்டி வந்தால் காலாங் பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து ஆற்றோரமாகவே வடக்கே. இடையில் சாலை குறுக்கிடும் இடங்களில் இறங்கித் தள்ளப் பொறுமை வேண்டும்.

மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓரத்தில் நிற்காதீர்கள். அது பூங்காவானாலும் வடிகால் வேலையும் செய்கிற ஆறு, மளமளவென்று ஏறும். பீஷான் பூங்காவில் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். ஒலித்தால் மேட்டுக்கு வந்துவிடுங்கள், படம் எடுக்க நிற்க வேண்டாம்.

இடி கேட்ட பிறகும் ஓட்டுவது

வேண்டாம்.

சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் வரும் காற்றுமழை ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஏதாவது கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஓய்ந்த பிறகும் மரப்பலகைப் பாதையிலும், பார்வையற்றோருக்காகப் பதித்த புடைப்புக் கற்களிலும் வழுக்கும். அங்கே திடீர் பிரேக் போட்டால் விழுவீர்கள்.

முன்சக்கரத்தை மட்டும் பூட்டுவது

முன்சக்கரம் மட்டும் மிஞ்சும்.

நடுவழியில் தேக்கா

ரோச்சோர் வாய்க்காலிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை இரண்டு நிமிடம், அதுதான் சிக்கல். இட்லியோ தோசையோ சாப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் போனால் வாசனை இழுக்கும், யாராவது ஒருவர் "ஆளுக்கு ஒரு மட்டன் பிரியாணி" என்பார். இத்தனை வருடத்தில் அதற்குப் பிறகு பீஷான் வரை ஓட்டியவர் எங்கள் கூட்டத்தில் யாருமில்லை.