ஸ்டைவசன்ட் முதல் புரூக்ளின் டெக் வரை: நியூயார்க் சிறப்பு உயர்நிலைப் பள்ளித் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் முறை

நியூயார்க் நகரத்தின் ஒன்பது சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில் எட்டில், ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்கு, நடுநிலைப் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ நேர்காணலோ கணக்கில் வராது. எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும், சிறப்பு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு என்ற ஒரே தேர்வின் மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்று பழைய பள்ளிகளுக்கும் தேர்வின் மூலமே சேர்க்கை நடக்கவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் விதித்தது. புரூக்ளின் லத்தீன், ஸ்டேட்டன் ஐலண்ட் டெக், சிட்டி கல்லூரி வளாகத்தில் உள்ள கணித அறிவியல் பொறியியல் பள்ளி, லேமன் கல்லூரி வளாகத்தில் உள்ள அமெரிக்க ஆய்வுப் பள்ளி, யார்க் கல்லூரி வளாகத்தில் உள்ள குயின்ஸ் அறிவியல் பள்ளி ஆகிய ஐந்தும் பின்னர் இந்த வரிசையில் சேர்ந்தவை. ஒன்பதாவதான லகார்டியா கலைப் பள்ளிக்கு இத்தேர்வு கிடையாது. அங்கே கலைத்திறன் தேர்வே நுழைவாயில்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 25,000 பேர் எழுதுகிறார்கள்; இடம் கிடைப்பது சுமார் 4,000 பேருக்கு. நகரத்தில் வசிக்கும் எட்டாம் வகுப்பு மாணவர் எவரும், தனியார் பள்ளியில் படிப்பவராக இருந்தாலும், கட்டணமின்றி எழுதலாம். அக்டோபரில் பதிவு, நவம்பர் வாக்கில் தேர்வு, மார்ச்சில் முடிவு என்பதே வழக்கமான சுற்று. அதனால் ஏழாம் வகுப்பின் கடைசி மாதங்களிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. அதற்கும் முன்பே, நான்காம் வகுப்பிலிருந்தே பயிற்சி வகுப்புக்கு அனுப்புவோரும் நம்மவர்களில் உண்டு; அந்த வயதில் அதே பணத்தையும் நேரத்தையும் நூலகத்தில் செலவிட்டிருந்தால் தேர்வுக்கே கூடுதல் பயன் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

முதல் வேலை, நகரக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கையேட்டைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிப்பது. அதில் விதிகளும் முழு மாதிரித் தேர்வுகளும் விடை விளக்கங்களும் உண்டு. ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 என 114 கேள்விகள், மொத்தம் 180 நிமிடங்கள் என்பது பல ஆண்டுகளாக நிலைத்திருந்த அமைப்பு. ஒவ்வொரு பகுதியிலும் 47 கேள்விகளுக்கே மதிப்பெண். எஞ்சிய பத்தும் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, ஆனால் அவை எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் வெற்றாக விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது. 2025-இல் தேர்வு தாளிலிருந்து கணினிக்கு மாறியது. அதற்கடுத்த கட்டமாக, கொடுக்கும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும் முறை 2026-க்குத் திட்டமிடப்பட்டது. அண்ணனோ அக்காவோ எழுதிய காலத்துப் பழைய புத்தகத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மதிப்பெண் கணக்கிடும் முறையைப் புரிந்துகொள்ளாமல் உழைப்பைப் பங்கிட முடியாது. சரியான விடைகளின் எண்ணிக்கை முதலில் ஓர் அளவுகோல் மதிப்பெண்ணாக மாற்றப்படுகிறது. பின்னர் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்குமான அந்த இரு மதிப்பெண்களும் கூட்டப்படுகின்றன. இரண்டில் எதற்கும் தனியாகக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. இதைக் கேட்டவுடன் பல பெற்றோர் ‘பிள்ளைக்குக் கணிதம் நன்றாக வருகிறது, அதிலேயே அள்ளிக்கொள்ளட்டும்’ என்று முடிவெடுத்து, கிடைக்கும் நேரத்தில் முக்கால் பங்கைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாற்றும் முறை நேர்விகிதத்தில் இல்லாததால், உச்சியை நெருங்கும்போது ஒவ்வொரு சரியான விடைக்கும் கூடுதல் பலன் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 47-இல் 43 சரியாகச் செய்யும் பிள்ளை இழக்கும் அந்த நான்கும் பெரும்பாலும் அறியாமையால் போனவை அல்ல, அவசரத்தால் போனவை. மேலும் இருநூறு கணக்குகளைப் போட வைத்தால் அவை திரும்பி வந்துவிடாது. அதே பிள்ளை ஆங்கிலத்தில் 28-இல் நின்றால், அங்கே 19 கேள்விகள் காத்துக் கிடக்கின்றன.

எனவே, எந்த வகுப்பிலும் சேர்ப்பதற்கு முன் கையேட்டிலுள்ள ஒரு முழு மாதிரித் தேர்வை, கால்குலேட்டர் இல்லாமல், மூன்று மணி நேரம் இடையில் எழவிடாமல் எழுதச் செய்யுங்கள். வந்த மதிப்பெண்ணை உறவினர்களிடம் சொல்லவேண்டாம். பிள்ளையிடமும் பெரிதாகப் பேசவேண்டாம். அந்தத் தாளிலிருந்து நமக்கு வேண்டியது தவறுகளின் பட்டியல் மட்டுமே.

தவறுகளுக்கென்று ஒரு தனி ஏடு போடுவதைத்தான் இந்தத் தயாரிப்பின் நடுவே வைக்கவேண்டும் என்பேன். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளை தன் கையால் அதில் எழுதி, சரியான விடைக்குக் கீழே, தான் ஏன் தவறினேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும். ‘கவனக்குறைவு’ என்று எழுத அனுமதிக்காதீர்கள். அது காரணமே அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: தொடர்ச்சியான மூன்று ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 87 எனில், அவற்றுள் பெரியது எது? மூன்றால் வகுத்தால் நடு எண் 29, பெரியது 31. பல பிள்ளைகள் 29-ஐக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், விடைத் தேர்வுகளில் அதுவும் இருப்பதைப் பார்த்து, அதையே குறித்துவிடுகிறார்கள். இங்கே எழுதவேண்டிய காரணம் ‘கேட்டதை விட்டுவிட்டு, வழியில் கிடைத்ததை விடையாகக் கொடுத்தேன்’ என்பது. இப்படி இருபது முப்பது பதிவுகள் சேர்ந்தபின் ஏட்டைப் புரட்டினால், அதே மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வருவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்பை எந்தப் பயிற்சி ஆசிரியரும் வெளியிலிருந்து கொடுத்துவிட முடியாது. குறித்த கேள்விகளை இரண்டு வாரம் கழித்து, விடையை மறைத்துவிட்டு, மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் தவறினால் அந்தப் பாடத்தை அடியிலிருந்து படிக்கவேண்டும். சரியாக வந்தால் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம்.

ஆங்கிலப் பகுதியில் இரண்டு வகைக் கேள்விகள் உள்ளன. வாக்கியங்களையும் பத்திகளையும் திருத்துவது ஒன்று. கட்டுரை, கதை, கவிதை ஆகியவற்றைப் படித்து விடை தருவது மற்றொன்று. திருத்தும் கேள்விகள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், அவை சோதிக்கும் விதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் உழைப்புக்கு விரைவில் பலன் தருபவை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் தனியாகக் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. ‘பேருந்துக்குக் காத்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது’ என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம்; காத்திருந்தவர் யார் என்று சொல்லாவிட்டாலும் நமக்கு விளங்கிவிடும். இதே அமைப்பில் ஆங்கிலத்தில் எழுதினால், மழையே பேருந்துக்குக் காத்திருந்ததாகப் பொருள்பட்டு வாக்கியம் பிழையாகிவிடும், ஏனெனில் அங்கே தொடக்கத் தொடரின் செயலைச் செய்தவர் அடுத்து வரும் எழுவாயாகவே இருக்கவேண்டும். காதுக்குச் சரியாகப் படுவதை வைத்து விடை குறிக்கும் பிள்ளை இந்த வகைக் கேள்வியில் தடுமாறும். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டவைப்பதும், சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று தெரியாமல் விடுவதும் இதே போன்று காது ஏமாற்றும் இடங்கள்.

வாசிப்புப் பகுதியோ குறுக்குவழிக்கு இடங்கொடுப்பதில்லை. நாள்தோறும் அரை மணி நேரம், பிள்ளைக்குப் பழக்கமில்லாத பொருளில் ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு பத்தியும் அங்கே எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லவைப்பது நல்ல பழக்கம். சொல்வது தமிழில் இருந்தாலும் தவறில்லை. பெற்றோரோடு தமிழில் விவாதிக்கும் பிள்ளை பத்தியின் உட்பொருளை ஆழமாகவே பிடித்துக்கொள்கிறது. பொருந்தாத விடைகளை நீக்கும்போது, உண்மையாக இருந்தும் பத்தியில் சொல்லப்படாத கூற்றுகளே பெரிய பொறி.

கணிதத்துக்குச் சூத்திரத் தாள் தரப்படுவதில்லை. பரப்பளவு, கன அளவு, கோணங்கள் ஆகியவற்றின் வாய்பாடுகள் மனப்பாடமாக இருக்கவேண்டும். சில கேள்விகளுக்கு விடைத் தேர்வுகள் இல்லாமல் எண்ணையே தரவேண்டியிருக்கும். பின்னம், விகிதம், சதவீதம் ஆகிய மூன்றும் ஆட்டம் காணாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 180 நிமிடங்களை 114-ஆல் வகுத்தால் கேள்வி ஒன்றுக்கு ஏறத்தாழ 95 நொடிகள். கடைசி ஆறு வாரங்களில் வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு போதும். அதையும் கணினித் திரையில், கிறுக்கிப் பார்க்க ஒரு தாளுடன் எழுதவேண்டும், ஏனெனில் திரையிலுள்ள வடிவியல் படத்தைத் தாளில் வரைந்துகொள்வது தனியாகப் பழகவேண்டிய திறன். ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் கூடுதல் நேரம் பெற வழியுண்டு. அதைப் பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரிடம் பதிவின்போதே உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

பள்ளிகளை வரிசைப்படுத்துவதில் நிலவும் குழப்பத்துக்கு அளவில்லை. நடப்பது இதுதான்: மொத்த மதிப்பெண்ணின்படி எல்லா மாணவர்களும் மேலிருந்து கீழாக நிறுத்தப்படுகிறார்கள், ஒவ்வொருவரின் முறை வரும்போதும், அவர் கொடுத்த வரிசையில் இடம் மிச்சமிருக்கும் முதல் பள்ளி அவருக்கு அளிக்கப்படுகிறது. ‘கட்-ஆஃப்’ என்பது எவரும் முன்கூட்டி நிர்ணயிப்பதல்ல, அந்தப் பள்ளியில் கடைசியாக இடம்பெற்றவரின் மதிப்பெண். ஸ்டைவசன்டில் அது அண்மைய ஆண்டுகளில் 550-க்கு மேலேயே இருந்துவருகிறது. ஆகவே எட்டாத பள்ளியை முதலில் வைத்ததால் இரண்டாவது பள்ளி கைநழுவாது. விரும்பும் வரிசையை அப்படியே கொடுப்பதே சரி. போகவே மனமில்லாத பள்ளியைச் சேர்க்கக் கூடாது. புரூக்ளின் லத்தீனில் எல்லோரும் லத்தீன் மொழி படிக்கவேண்டும். புரூக்ளின் டெக் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பயிலும் பெருங்கடல். லேமன் வளாகப் பள்ளியோ சில நூறு பேரே கொண்டது, வரலாற்றுக்கு முதலிடம் தருவது. குயின்ஸின் கிழக்குக் கோடியில் குடியிருந்துகொண்டு பிராங்க்ஸ் சயின்ஸை முதலில் வைப்பவர்கள், ஒரு வேலைநாளில் காலை ஆறரை மணிக்குப் பிள்ளையுடன் கிளம்பி அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரிசையை முடிவுசெய்யட்டும்.

மற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம் தனியானது. இந்தத் தேர்வின் பரபரப்பில் அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது பெரும் தவறு. ஆறில் ஐந்து பேர் படிக்கப்போவது அங்கேதான்.

கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நின்ற, குறைந்த வருமானம் போன்ற வரையறைகளுக்குள் வரும் மாணவர்களுக்கு ‘டிஸ்கவரி’ என்ற கோடைக்காலப் பயிற்சித் திட்டம் உண்டு. அதை முடித்தால் சேர்க்கை கிடைக்கும். தகுதியுடையவர்கள் அழைப்புக் கடிதத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அதுவும் இல்லையென்றால், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது பத்தாம் வகுப்புச் சேர்க்கைக்காக மீண்டும் ஒருமுறை எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு, கணிதத்தில் எட்டாம் வகுப்புப் பாடமும் சேர்ந்துகொள்ளும், ஆனால் தவறுகளின் அந்தப் பழைய ஏடு அப்போதும் உதவும்.