பழைய ஜப்பான் கிட்டாரை வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஜப்பானில் செய்த பழைய கிளாசிக்கல் கிட்டார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" கம்பெனி இருக்கட்டும். சவுண்ட்ஹோலுக்குள் (மேற்பலகையின் வட்ட ஓட்டை) டார்ச் அடித்து லேபிளைப் படியுங்கள்.

சில லேபிள்களில் ஆண்டு ஷோவா கணக்கில் (ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டு) இருக்கும். அதோடு 1925ஐக் கூட்டினால் போதும். ஷோவா 47 என்றால் 1972. மாடல் எண்ணில் கவனம் தேவை. அன்று பல பட்டறைகள் விலையையே மாடல் பெயராக வைத்தன. மட்சுவோகா, கோனோ இரண்டும் அப்படிப்பட்ட பட்டறைகள். மட்சுவோகா 30 என்றால் 30,000 யென். கோனோ 10 என்றால் பத்து 'பத்தாயிரம்', அதாவது ஒரு லட்சம் யென்! எண்ணைப் பார்த்துக் கோனோவைக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

யார் இந்தக் கோனோ? அவருக்கு முன்பே சகாசோ நகாடே போன்றவர்கள், வயலின் செய்து பழகிய கையோடு, இந்தத் தொழிலுக்கு வந்திருந்தார்கள். 1929இல் ஸ்பெயின் கிட்டார் மேதை செகோவியா ஜப்பானில் வாசித்ததிலிருந்தே அங்கே கிட்டார் மோகம் வளர்ந்து வந்தது. மசாரு கோனோ 1948இல் கிட்டார் செய்யத் தொடங்கினார். 1960இல் ஸ்பெயினுக்குப் போய் மாட்ரிட்டில் அர்காஞ்செல் ஃபெர்னாண்டஸின் பட்டறையில் வேலையைக் கூர்ந்து கவனித்தார். 1967இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த கிட்டார் செய்யும் போட்டியில் தங்கப் பதக்கம். அதன் பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் ஜப்பானியக் கிட்டாரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது என் கணிப்பு. கோனோ 1998இல் காலமானார். பட்டறையை ஏற்றவர் மசாகி சகுராய். அவரும் 1988இல் பாரிஸ் போட்டியில் வென்றவர்தான். எனவே 'கோனோ' என்றதும், யார் காலத்தில் செய்தது என்று தெரிய ஆண்டைப் பாருங்கள். யமஹா வழி வேறு: 1966இல் ஸ்பெயினின் கிரானடாவிலிருந்து கிட்டார் செய்பவரான எடுவார்டோ ஃபெரரை வரவழைத்துத் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது.

பெயரில் மயங்காமல் அடுத்து நெக்கைப் பாருங்கள். இந்தக் கிட்டார்களில் பெரும்பாலும் டிரஸ் ராட் (நெக்கை நிமிர்த்த உள்ளே வைக்கும் உலோகக் கம்பி) கிடையாது. நெக் வளைந்திருந்தால் திருகி நிமிர்த்த முடியாது. 12ஆம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஆறாம் கம்பியின், அதாவது தடித்த கம்பியின் உயரம் 4 மில்லிமீட்டரைத் தாண்டி, சாடிலையும் (கீழே கம்பிகள் தாங்கி நிற்கும் துண்டு) ஏற்கெனவே தேய்த்துக் குறைத்திருந்தால், லேபிளில் யார் பெயர் இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தாங்கி நிற்கும் துண்டு) 12ஆம் ஃபிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 650 மில்லிமீட்டர்தான் பொதுவான அளவு. பழையவற்றில் 660உம் வரும், சின்னக் கைக்கு அது கஷ்டம். சவுண்ட்ஹோல் விளிம்பில் மேற்பலகையின் ரேகை அடிவரை தொடர்ந்து ஓடினால் முழுப்பலகை. அடுக்கு தெரிந்தால் பிளைவுட்.

ஃபிளமெங்கோ மாடல் என்றால் கணக்கு மாறும். சைப்ரஸ் மரத்தில் செய்தது லேசாக இருக்கும். கம்பியின் உயரம் 3 மில்லிமீட்டர் சுமாராகத் தாழ்ந்திருப்பது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். விரலால் தட்டும் இடத்தில் கோல்பெயடோர் பிளேட் ஒட்டியிருக்கிறதா, அதன் ஓரத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பதானால் பின்பலகை என்ன மரம் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் நம்மூர் ஈட்டி மரம்தான் இருக்கும். விற்பவர் 'ஹகரன்டா' என்று சொன்னால் அது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது சைட்ஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தால் கஸ்டம்ஸில் மாட்டும்.