கொழும்புக் கைப்பழக்கம் ஐரிசுக்கு ஆகாது

கொழும்பிலிருந்து கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளிடம் போய்ச் சில மாதம் நிற்கிற அம்மா அப்பாமார் அங்கே முதலில் கைவைப்பது பின்வளவில்தான். வெள்ளவத்தை மாடிவீட்டில் நாலு பூச்சாடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு முழுசாய் ஒரு வளவு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? செப்டம்பரில் கடைகளுக்கு ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்குப் பைகள் வந்துவிடும். வாங்கி நட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். வசந்தத்தில் மகள் வட்ஸ்அப்பில் வெறும் மண்ணைப் படமெடுத்து அனுப்புவாள். பெரும்பாலும் பராமரிப்புக் கூடிப்போனதுதான் காரணம். இங்கே செடியை வாழவைக்கிற பழக்கங்கள் அங்கே இதை அழுகவைத்துவிடும்.

முதலில், பையில் இருப்பது எந்த ஐரிஸ் என்று பாருங்கள். தாடி ஐரிஸ் என்பது இஞ்சி மாதிரிக் கிடையாக ஓடும் தண்டுக்கிழங்கு. அதைக் கோடை முடிவில், முதுகு வெளியே தெரியும்படி நடுவார்கள். இங்கே பேசுவது சின்ன வெங்காயம் மாதிரி இருக்கிற குமிழ் வகையைப் பற்றி. அதில் இரண்டுதான் பரவலாகக் கிடைக்கும். ரெற்றிகுலாட்டா குட்டையானது, மேலே நார்வலைத் தோல் சுற்றியிருக்கும், பனி கரையும் முன்பே பூத்துவிடும். டச்சு ஐரிஸ் உயரமானது, வசந்த முடிவில் பூக்கும். தாடி ஐரிசுக்குச் சொன்ன யோசனையைக் கேட்டுக் குமிழை மேலாக நட்டால் குளிர்காலத்தோடு கதை முடிந்தது.

ஆழம்தான் அதிகம் பேர் பிழைவிடும் இடம். ரெற்றிகுலாட்டாவுக்கு 8 முதல் 10 சென்ரிமீற்றர், டச்சு ஐரிசுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர், கூர்முனை மேலே இருக்க வேண்டும். மேலாக நட்டால் மண் உறைந்து இளகும்போது குமிழ் மேலே தள்ளப்படும். வேரும் அறுந்துபோகும்.

நேரத்தில் அவசரமும் ஆகாது, சோம்பலும் ஆகாது. மண் ஆறிய பிறகு, அது இறுகி உறைவதற்குச் சுமார் ஆறு கிழமை முன்னதாக நட வேண்டும். ரொறன்ரோப் பக்கம் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை சரியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் குமிழ் வேர்விடும். டச்சு ஐரிஸ் அப்போதே பச்சை முளையும் காட்டலாம். ஐயோ, குளிரில் கருகப்போகிறதே என்று தோண்டி எடுத்து வீட்டுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், அதன் சுபாவமே அது. நிலம் உறைந்த பிறகு மேலே உலர்ந்த சருகு பரப்பினால் போதும். முந்திப் பரப்பினால் அதற்குள் எலி குடிவந்துவிடும்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ரெற்றிகுலாட்டாவின் சொந்த ஊர் துருக்கி, கொக்கேசஸ், ஈரான் பக்கத்து மலைகள். குளிர்காலத்தில் பனி, வசந்தத்தில் பனி கரைந்த ஈரம், கோடையில் காய்ந்த மண் என்பதுதான் அங்கே வருடத்தின் ஒழுங்கு. இலை வாடியபின் குமிழ் உறங்கும். அந்த நேரத்தில் ஈரம் பட்டால் அழுகும். ஆனால் காலையும் மாலையும் வாளி தூக்குகிற நமக்கு வாடின செடியைக் கண்டால் கை சும்மா நிற்காது. நட்டதும் ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள், பூக்கிற காலத்தில் மண் காயாமல் பாருங்கள், கோடையில் மறந்துவிடுங்கள். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் எட்டும் இடத்தில் நடவே வேண்டாம். லண்டனின் களிமண்ணும் இதற்குப் பகை. மண்ணை மேடாக்கி, பருமணல் அல்லது சிறுகல் கலந்து நட வேண்டும். ஜாடியில் நட்டால் இன்னொரு தொல்லை: சுற்றுப்பக்கத்தாலும் குளிர் ஏறி, மண் முழுவதும் கட்டியாகிவிடும். கடுங்குளிர் மாதங்களில் ஜாடியை வெப்பமூட்டாத கராஜுக்குள் வைப்பது நல்லது. வீட்டுக்குள் வெதுவெதுப்பில் வைத்தால் பூ வராது.

நிழலும் அப்படித்தான். கொழும்பு வெயிலுக்குப் பயந்து மரத்தடி தேடுகிற கண் அங்கே வேண்டாம். ஐரிசுக்கு நல்ல வெயில் வேண்டும். இலையுதிர் மரத்தின் அடி மட்டும் விதிவிலக்கு: ரெற்றிகுலாட்டா பூக்கும்போது மரம் மொட்டையாக நிற்கும், கோடையில் மரவேர்களே ஈரத்தை உறிஞ்சிவிடும். மாட்டெருவைத் தொடவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும்.

பூ உதிர்ந்ததும் ரெற்றிகுலாட்டாவின் இலை புல்போல நீண்டு, அலங்கோலமாகக் கிடக்கும். முற்றம் கூட்டுகிற பழக்கத்தில் அதைக் கத்தரித்தால் அடுத்த வருடப் பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். அது தானாக மஞ்சளாகிச் சாயும்வரை பொறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் மஞ்சள் நிற டான்ஃபோர்டியே வகை மறுவருடம் ஏமாற்றலாம். அது பூத்தபின் பல குட்டிக் குமிழ்களாகச் சிதறிவிடும், அவை பூக்கும் பருவம் அடைய வருடங்கள் ஆகும். ஆழமாக நட்டால் ஓரளவு குறையும். என்னைக் கேட்டால், அதை வருடாவருடம் புதிதாக வாங்குகிற பூவாகவே நினைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலோ, தோலில் மை கொட்டினதுபோலக் கறுப்புத் திட்டு இருந்தாலோ வேண்டாம். அது பூஞ்சை நோய். இன்னொன்று, பையைக் குசினியில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐரிஸ் நஞ்சு, பேரப்பிள்ளைகளும் வீட்டு நாயும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, மிஞ்சினதைப் பெட்டிக்குள் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுவருகிற ஆசை. குமிழ்களை அனுமதியில்லாமல் கொண்டுவரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கட்டுநாயக்கவில் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையும் இருக்கிறது. அதைக் கடந்தாலும் பயனில்லை. ரெற்றிகுலாட்டாவுக்குப் பல கிழமை தொடர்ந்து 9 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். கொழும்பில் இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும், ஆனால் பகலில் வெயில் ஏறிவிடும், அப்புறம் கோடை முழுவதும் மழை. ஐரிஸ் மாதிரிப் பூ கொழும்பு வீட்டில் வேண்டும் என்றால் நியோமரிக்கா என்ற வெப்பமண்டலச் செடியை நர்சரியில் கேளுங்கள். பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் அரை நிழலில், நீங்கள் ஊற்றுகிற தண்ணீரிலேயே வளரும்.