ஆட்டோமேட்டிக் காரில் கையால் கியர் மாற்றுவது: குன்னூர் மலைப்பாதைக்கும் ரேஸ் டிராக்குக்கும்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலர் கியர் லிவரை எம் (மேனுவல்) பக்கம், அதாவது பிளஸ் தட்டினால் கியர் ஏறி, மைனஸ் தட்டினால் இறங்கும் அந்தப் பக்கம், தள்ளிப் பார்த்ததே இல்லை. நீலகிரியில் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் பழக வேண்டிய விஷயம் அது. காரணம் எளிது. கியர்பாக்ஸுக்கு உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதெல்லாம் தெரியும், ஆனால் இருபது மீட்டர் தள்ளி ஒரு கொண்டை ஊசி வளைவு இருப்பது தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள். டி-யில் (டிரைவ், கியரை வண்டியே மாற்றும் நிலை) போட்டு ஓட்டினால் நடப்பது இதுதான்: வளைவுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கிறீர்கள், சரி, இவருக்கு அவசரம் இல்லை என்று கியர் பெட்டி மேல் கியருக்குப் போய்விடுகிறது, ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்கும் நேரத்தில் நீங்கள் மறுபடி அழுத்த, ஒரு நொடி யோசித்துவிட்டு இரண்டு கியர் கீழே குதித்து வண்டியை உலுக்குகிறது. மழை நாளில் முன் சக்கரம் அங்கேயே வழுக்கும். எம்-மில் இருந்தால், சாலை நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, மைனஸ் தட்டி இரண்டாவதுக்கு வந்துவிட்டு, அதே கியரில் வளைவை முடித்து, ஸ்டியரிங் நேரான பிறகு பிளஸ் தட்டலாம். வளைவுக்குள் கியரைத் தொடவே வேண்டாம்.

டர்போ இல்லாத இன்ஜின் என்றால் இன்னொரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிந்து இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே மூன்றாவதில் ஏறிய ஏற்றம் மேலே இரண்டாவது கேட்கும். ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) 4,000 வந்து இன்ஜின் சத்தம் போட்டால் பயப்படாதீர்கள், முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது.

இறக்கத்தில்தான் இது உயிர் காக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். எம்-மில் இரண்டு, அது இல்லாத பழைய வண்டியில் 2 அல்லது எல் (லோ, கீழ் கியர்). பல பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் வகை) டி-யின் முதல் கியர், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழி கிளட்சில் ஓடுவதால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, எல்-லில் போட்டால்தான் பிடிக்கும். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், 36 வளைவும் செங்குத்து, பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் முதலில் கருகிய வாடை வரும், அப்புறம் பெடல் மெத்தென்று உள்ளே போகும். வாடை வந்தவுடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும். அந்தப் பாதையில் இறங்க வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் மட்டும் எந்த இறக்கத்திலும் இறங்கவே கூடாது.

வேகம் பார்க்க வேண்டும் என்றால் மலையில் வேண்டாம், எதிரே அரசுப் பேருந்து வரும், யானையும் வரும். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, அங்கே போங்கள். டிராக்கில் நீங்கள் தட்டியதற்கும் கியர் விழுவதற்கும் இடையில் ஒரு தாமதம் உண்டு. அடுத்த கியரை முன்பே தயாராக வைத்திருக்கும் இரட்டை கிளட்ச் பெட்டியில் அது தெரியவே தெரியாது, டார்க் கன்வெர்ட்டரில் கொஞ்சம், ஏ.எம்.டி.யில் (சாதாரண மேனுவல் கியர்பாக்ஸை இயந்திரமே மாற்றும் வகை) நன்றாகவே தெரியும். அதனால் சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்பே பிளஸ் தட்டுங்கள், இல்லாவிட்டால் இன்ஜினை அதற்கு மேல் சுற்றவிடாத லிமிட்டரில் முட்டி நிற்பீர்கள். கியரைக் குறைக்கும்போது பிரேக் முதலில், மைனஸ் அப்புறம், ஒவ்வொன்றாக. ஆர்.பி.எம். அதிகம் இருக்கும்போது தட்டினால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும், நீங்கள் கியர் விழுந்துவிட்டதாக நினைத்து வளைவுக்குள் போய்விடுவீர்கள், ஆகவே மீட்டரில் காட்டும் கியர் எண்ணை ஒரு பார்வை பாருங்கள். சி.வி.டி.யில் (தனித்தனி கியர் இல்லாமல் விகிதம் மாறும் பெட்டி) உள்ள படிகள் மென்பொருள் போடும் வேடம், அதை டிராக்குக்குக் கொண்டுபோவதை நான் சொல்லமாட்டேன், ஆனால் இறக்கத்தில் அந்தப் படிகள்கூட உதவும்.

ஒன்றை முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்: லிவரை முன்னால் தள்ளினால் பிளஸா மைனஸா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகள் எம்-மில் இருந்தாலும் சிவப்புக் கோட்டில் தானாகவே கியரை ஏற்றிவிடும், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் சில வண்டிகள் தானாகக் குறைக்கவும் செய்யும். ஆளில்லாத நேரான சாலையில் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வளைவுகளுக்கு வர வேண்டும்.

டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பெட்டியையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் சமதளத்தில் பி (பார்க்) மட்டும் போதும், சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். ஊட்டியில் சரிவில் நிறுத்தும்போது வேறு முறை: கால் பிரேக்கில் இருக்கட்டும், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், அப்புறம் கால் பிரேக்கை விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும், மறுபடி பிரேக்கை மிதித்து பி. நேராகப் பி-யில் போட்டுவிட்டால் மொத்தப் பாரமும் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும், காலையில் லிவரை எடுக்கும்போது டமால் என்று கேட்பது அதுதான்.