சென்னை வேளச்சேரியை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போடுவது எப்படி?

முதலில் எந்த வெள்ளம் என்று முடிவு செய்யுங்கள். 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் புகுந்தது கரை மீறிய அடையாறு. வேளச்சேரியின் சிக்கல் வேறு. ஏரிகளின் உபரிநீரும் மழைநீரும் வீராங்கால் ஓடை போன்ற வழிகளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்க வேண்டும். இடையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும். பாயும் வெள்ளத்தையும் தேங்கும் வெள்ளத்தையும் ஒரே நிறத்தில் தீட்டாதீர்கள்.

அடுத்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவி, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தெருக்களையும் நீர்வழிகளையும் அதில் ஏற்றுங்கள். ஏரிக்கரைத் தெரு, மடுவுச் சாலை போன்ற பெயர்களைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நீர்நிலைகளுக்கு அவை நல்ல துப்பு.

இனி நில உயரம். இங்கேதான் புதியவர்கள் பலரும் ஏமாறுகிறார்கள். 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவு இலவசம்தான். ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர்; நெருக்கமான குடியிருப்பில் தரையோடு கூரைகளின் உயரமும் அதில் கலந்துவிடும். பிழையே சில மீட்டர் வரும். நாம் தேடுவதோ முழங்காலா இடுப்பா என்ற வித்தியாசம்! பெரிய சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்க மட்டும் அதை நம்பலாம்.

ஆகவே தெருவில் இறங்குங்கள். சுற்றுச்சுவரில் கறை எதுவரை, எந்த ஆண்டு, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். சாலையிலிருந்து அளக்காதீர்கள், மேலே மேலே தார் போட்டு, சாலை வாசற்படியைவிட உயர்ந்திருக்கும். கோயில் படி போன்று மாறாத ஓரிடத்தை அடையாளமாகக் கொண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் உயரத்தைக் கறைக்கும் வீட்டுக்கும் கடத்துங்கள். குழாயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த நீர்மட்டத்திலிருந்து ஒரு முனையில் படிவரையும், மறுமுனையில் கறை அல்லது வீட்டுத் தரைவரையும் கீழே அளவு நாடாவைப் பிடித்து, வித்தியாசத்தைக் குறித்தால் போதும்.

தேங்கிய நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய சமம் என்பதால், அக்கம்பக்கத்தில் சில கறைகள் கிடைத்தாலே போதும். கறை அடையாளப் படியைவிட 90 செ.மீ. மேலே, ஒரு வீட்டுத் தரை 20 செ.மீ. மேலே என்றால், அந்த வீட்டுக்குள் 70 செ.மீ. தண்ணீர். இந்தக் கழித்தலை வீடு வீடாகச் செய்து வரைபடத்தில் ஏற்றுங்கள். நடுவில் ஒரு மேட்டுச் சாலையோ ரயில் கரையோ குறுக்கிட்டால் அந்தப் பக்கத்துக்குத் தனிக் கறை தேடுங்கள்.

பாதிப்பை மதிப்பிட, ஆழத்தோடு தண்ணீர் நின்ற நாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நின்ற முழங்கால் நீர், இரண்டு மணி நேரத்தில் வடிந்த இடுப்பளவு நீரைவிட மோசமான தொல்லையாகலாம். ஆற்றோரமானால் கணக்கு மாறும்: வேகமாக ஓடும் நீர் முழங்காலளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். கடைசியாக, தரைத்தள வீடுகள், மருத்துவமனை, சுரங்கப்பாதை, டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றை வரைபடத்தின்மேல் குறியுங்கள். டிரான்ஸ்பார்மர் மேடையின் உயரத்தை மட்டும் தூரத்திலிருந்து கண்ணளவாகவே குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நாடா பிடிக்க வேண்டாம்.