டிகிண்டர் விண்டோவில் ஃப்ரேம்களை அடுக்குவது: வெயிட் கடைமடை வரை போக வேண்டும்

மன்னார்குடியில் மாமாவின் நெல் மண்டிக்கு எடைச்சீட்டு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப் திரை 1366க்கு 768. அதில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மண்டியில் இருப்பது 1920க்கு 1080 மானிட்டர். அங்கே திறந்து பெரிதாக்கினால் மொத்தமும் இடது மேல் மூலையில் ஒண்டிக்கொண்டது. "என்ன மாப்ள, பாதி வயல் தரிசாக் கெடக்கு" என்றார் மாமா. சரிசெய்ய மூன்று நாள் ஆனது.

பைத்தானில் விண்டோ, பட்டியல் எல்லாம் போட உதவும் தொகுப்புதான் டிகிண்டர். அதில் ஒரு காலி விண்டோவைத் திறக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தாளில் படம் போடுங்கள். எனக்கு இடப்பக்கம் விவசாயிகள் பெயர்ப்பட்டியல். வலப்பக்கம் மேலே பதிவுப் பகுதி, அதன் கீழே அன்றைய வரவு. அடியில் மொத்த மூட்டை காட்டும் பட்டை. எது வளர வேண்டும், எது அப்படியே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதிவிடுங்கள். என் படத்தில் உயரம் கூடினால் இரண்டு பட்டியல்கள் மட்டும்தான் வளர வேண்டும்.

அடுக்குவதற்கு பேக், கிரிட், பிளேஸ் என மூன்று வழி உண்டு. கிரிட்டையே எடுங்கள். பிளேஸில் பிக்சல் கணக்கில் ஒட்டினால், எழுத்துரு லதாவிலிருந்து நிர்மலாவுக்கு மாறினதுமே 'ஈரப்பதம்' வெட்டுப்படலாம். ஒரே ஃப்ரேமுக்குள், அதாவது மற்றவற்றை உள்ளே அடுக்கும் பெட்டிக்குள், பேக்கையும் கிரிட்டையும் கலக்கவே கூடாது, பிழை காட்டி நின்றுவிடும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஃப்ரேம் போட்டு, வரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கொடுத்து வையுங்கள். எண் 0-இல் தொடங்கும். கட்டத்தின் எந்தெந்த ஓரத்தில் ஒட்ட வேண்டும் என்று சொல்வது ஸ்டிக்கி. வளர வேண்டியவற்றுக்கு அதில் என், எஸ், இ, டபிள்யூ என நான்கு திசையையும் கொடுங்கள். இல்லையென்றால் கட்டம் விரிந்தாலும் உள்ளே இருப்பது நடுவில் சின்னதாகவே உட்கார்ந்திருக்கும்.

இனி வெயிட், அதாவது மிச்ச இடத்தில் ஒரு வரிசைக்கோ நெடுவரிசைக்கோ எவ்வளவு பங்கு என்று சொல்லும் எண். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எந்த வரிசைக்கும், எந்த நெடுவரிசைக்கும் நாம் சொல்லாதவரை வெயிட் 0. அப்படியென்றால் மதகு மூடியிருக்கிறது, மிச்ச இடம் அந்தப் பக்கம் பாயாது. வரவுப் பட்டியலின் வரிசைக்கு 1 கொடுத்திருந்தேன், அசையவே இல்லை. அந்த வரிசை வலப்பக்க ஃப்ரேமுக்குள் இருந்தது. அந்த ஃப்ரேம் மூல விண்டோவின் 0-ஆவது வரிசையில் இருந்தது. அந்த வரிசைக்கு வெயிட் கொடுக்கவே இல்லை! நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் பாமணியாற்று ஷட்டர் இறங்கியிருக்கும்போது மன்னார்குடியில் மடையைத் திறந்து என்ன பயன்? மூல விண்டோவில் தொடங்கி, ஃப்ரேம் ஃப்ரேமாக உள்ளே இறங்கி, கடைசிப் பட்டியல் வரை, வரிசைக்கு வெயிட் கொடுக்கும் ரோகான்ஃபிகரும் நெடுவரிசைக்குக் கொடுக்கும் காலம்கான்ஃபிகரும் எழுத வேண்டும். ஒரு படி விட்டுப்போனாலும் அதற்குக் கீழே இடம் போகாது.

எந்தப் படி விட்டுப்போனது என்று பார்க்க, ஃப்ரேம்களுக்கு வெவ்வேறு பின்னணி நிறம் கொடுங்கள். வெளியே மஞ்சள், உள்ளே பச்சை என்று வைத்தேன். பெரிதாக்கும்போது மஞ்சள் விரிந்து பச்சை நின்றுவிட்டால், மஞ்சளின் வெயிட்டையும் பச்சையின் ஸ்டிக்கியையும் பாருங்கள். டிகிண்டரின் புதுத் தோற்ற வகையான டிடிகே ஃப்ரேம் இப்படி நேரடியாக நிறம் வாங்காது. சோதனைக்குச் சாதாரண ஃப்ரேமே போதும்.

மூல விண்டோவுக்கு மின்சைஸ் 900, 600 என்று கொடுத்துவிட்டேன். அதற்குக் கீழே யாரும் சுருக்க முடியாது.

பிற்சேர்க்கை: இடப்பக்கத்துக்கு 1, வலப்பக்கத்துக்கு 2 என்று வெயிட் கொடுத்தும் அகலம் அந்தக் கணக்கில் வரவில்லை என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வெயிட் மொத்த இடத்தைப் பங்கு போடாது. அவரவர் தேவை போக மிஞ்சியதைத்தான் பங்கு போடும். பட்டியலை நெடுவரிசைகளாகக் காட்டும் ட்ரீவியூவின் ஒவ்வொரு நெடுவரிசையும், நாம் சொல்லாதவரை, 200 பிக்சல் கேட்கும். பெயர், ரகம், மூட்டை, எடை, ஈரப்பதம் என்று ஐந்து வைத்தால் அதுவே 1000. முதலில் அந்த அகலங்களைக் குறையுங்கள். துல்லியமாக 1:2 தான் வேண்டுமென்றால், காலம்கான்ஃபிகரில் இரண்டு நெடுவரிசைக்கும் யூனிஃபார்ம் என்பதில் ஒரே பெயரைக் கொடுங்கள். மண்டியில் நான் அதைக் கொடுக்கவில்லை, வரவுப் பட்டியலுக்கு எவ்வளவு அகலம் கிடைத்தாலும் மாமாவுக்குத் தேவைப்படுகிறது.