அட்டையைப் பார்த்து நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டையைப் பார்த்து நாவலைத் தேர்ந்தெடுப்பதுண்டா என்று கேட்டால், தொடர்ந்து வாசிக்கும் பழக்கமுள்ளவர்களில் பலர் உடனே மறுப்பார்கள். ஆசிரியரின் பெயர், நண்பரின் பரிந்துரை, எங்கோ படித்த மதிப்புரை ஆகியவற்றைக் கொண்டே தாம் முடிவெடுப்பதாகச் சொல்வார்கள். ஏற்கெனவே தெரிந்த எழுத்தாளரின் புத்தகத்தைத் தேடிச் செல்லும்போது அது உண்மைதான். ஆனால் முன்பின் அறியாத ஒருவரின் முதல் நாவல் வேறு பல நாவல்களுக்கு நடுவே கிடக்கும்போது, எதைக் கையில் எடுப்பது, எதைப் புரட்டாமலேயே கடந்து போவது என்பதைப் பெரும்பாலும் அட்டைதான் முடிவு செய்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முந்நூறு பக்க நாவலை முழுவதும் படித்துப் பார்த்த பிறகு வாங்க யாராலும் முடியாது என்பதால், கண்ணில் படும் முதல் தகவலை மனம் பற்றிக்கொள்வது இயல்பு. அட்டை தம்மை எந்த வகையிலும் பாதிப்பதில்லை என்று நம்புவதே முதல் தவறு. அப்படி நம்புகிறவர், அட்டை தமக்குள் உண்டாக்கிய எண்ணத்தையும் தம்முடைய சொந்த ரசனையின் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்வார். அதைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழாது.

அட்டை சில கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொல்லும். இது எந்த வகை நாவல், எத்தகைய வாசகரை மனத்தில் வைத்து வெளியிடப்பட்டிருக்கிறது, ஆசிரியரின் பெயர் எவ்வளவு தூரம் விற்பனைக்கு உதவும் என்று பதிப்பகம் கணித்திருக்கிறது என்பவற்றையெல்லாம் அதிலிருந்து ஓரளவு படித்தறியலாம். ஆசிரியரின் பெயர் நாவலின் தலைப்பைவிடப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பெயருக்காகவே வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பதிப்பகம் நம்புகிறது என்று பொருள். உரைநடை எப்படி இருக்கும், பாத்திரங்கள் உயிரோடு நடமாடுவார்களா, இறுதி அத்தியாயம் வரை கதை தாங்குமா என்பவை அட்டைக்குத் தெரியாத விஷயங்கள். வாசகர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் நேர்கின்றன.

அட்டையை எழுத்தாளரின் குரலாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. பெரிய பதிப்பகங்களில் வடிவமைப்பாளருக்கு ஒரு குறிப்பு தரப்படும். நூல் வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அட்டை தயாராகிவிட வேண்டும் என்பதால், சில சமயங்களில் கைப்பிரதி முழுமை பெறுவதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கியிருப்பார். பதிப்பாசிரியரும் விற்பனைப் பிரிவினரும் கருத்துச் சொல்வார்கள். பெரிய விற்பனையாளர்களின் விருப்பமும் சில நேரங்களில் கணக்கில் வரும். எழுத்தாளரிடம் கருத்துக் கேட்பதுண்டு. ஆனால் இறுதி முடிவெடுக்கும் உரிமை பொதுவாக அவரிடம் இருப்பதில்லை.

ஒருவன் பூச்சி போன்ற உயிரினமாக மாறிவிடுவதைச் சொல்லும் ‘உருமாற்றம்’ என்ற கதை 1915ஆம் ஆண்டு நூலாக வரவிருந்தபோது, அட்டைப்படத்தை வரையப்போகிறவர் அந்தப் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்ற அச்சம் அதை எழுதிய ஃபிரான்ஸ் காஃப்காவுக்கு ஏற்பட்டது. பூச்சியை வரையக் கூடாது, தொலைவில் தெரிவதுபோலக்கூடக் காட்டக் கூடாது என்று அவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒட்டோமார் ஷ்டார்க்கே வரைந்த அட்டையில் பூச்சி இல்லை. பின்னால் கதவு திறந்திருக்க, வீட்டு அங்கி அணிந்த ஒருவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அப்பால் விலகி நிற்கிறார். எழுத்தாளரின் கவலை காதில் விழுந்த அரிய தருணங்களில் ஒன்று என்று இதைக் கருதுகிறேன். ஆனால் பிற்காலத்தில் பல பதிப்புகள் அவர் வேண்டாமென்ற பூச்சியை அட்டையிலேயே வைத்தன. அத்தகைய பதிப்பைக் கையிலெடுக்கும் வாசகர், கதைநாயகன் கிரேகர் சம்சா எந்த உயிரினமாக மாறினான் என்பதை முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே உறுதியாகத் தெரிந்துகொண்டுவிடுகிறார். காஃப்கா வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டதை அட்டை தெளிவாக்கிவிடுகிறது.

விளாதிமிர் நபக்கோவின் ‘லோலிட்டா’வுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. 1958ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பு வெளிவருவதற்கு முன்பு, அட்டையில் சிறுமியின் உருவம் எந்த வடிவிலும் இடம்பெறக் கூடாது என்று அவர் பதிப்பாளருக்கு எழுதினார். அந்தப் பதிப்பு வெறும் எழுத்துகளாலான அட்டையோடு வந்தது. பின்னர் பல நாடுகளில் வந்த எண்ணற்ற பதிப்புகளின் அட்டைகளில் கவர்ச்சியாகக் காட்டப்பட்ட இளம்பெண்களே இடம்பெற்றார்கள். ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை, கொடுமை செய்தவனே தன் வார்த்தைகளால் அழகுபடுத்திச் சொல்லும் நாவல் அது. அட்டையும் அவனுடைய கண்களாலேயே அவளைப் பார்க்கும்போது, வாசகர் நாவலுக்குள் நுழைவதற்கு முன்பே அவன் பக்கம் நிறுத்தப்படுகிறார். ஒரு நாவலைப் பற்றித் தவறான கருத்து உலகம் முழுவதும் பரவுவதற்கு அட்டைகளும் காரணமாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அட்டை பிடிக்கவில்லை என்பதால் நாவலும் தரமற்றதாக இருக்கும் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வெளிவந்தபோது அதன் மேலுறைக்காக ஃபிரான்சிஸ் குகாட் ஓர் ஓவியம் வரைந்திருந்தார்: அடர்நீல இரவு வானில் மிதக்கும் ஒரு பெண்ணின் கண்களும் உதடுகளும், கீழே ஒளிவிளக்குகள் சிதறிய கேளிக்கைத் திடல். நாவலை எழுதி முடிப்பதற்கு முன்பே அந்த ஓவியத்தின் ஒரு வடிவத்தைப் பார்த்திருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, அந்த மேலுறையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், அதை நாவலுக்குள்ளேயே எழுதிவிட்டேன் என்று தம் பதிப்பாசிரியருக்குத் தெரிவித்தார். இன்று அமெரிக்க இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற அட்டைகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஆனால் எர்னெஸ்ட் ஹெமிங்வே அந்தப் பிரதியைக் கையில் வாங்கியபோது, அது பகட்டாகவும் ரசனைக்குறைவாகவும் இருப்பதாக உணர்ந்து கூச்சப்பட்டார். மட்டமான அறிவியல் புனைகதை நூலின் அட்டையைப் போல அவருக்கு அது தோன்றியது. அவர் செய்த காரியம்தான் கவனிக்கத் தக்கது: மேலுறையைக் கழற்றி வைத்துவிட்டு நாவலைப் படித்தார். படித்து முடித்ததும் அது மிகச் சிறந்த நாவல் என்ற முடிவுக்கு வந்தார். ஒரே ஓவியம் எழுத்தாளரைத் தூண்டியது, தேர்ந்த வாசகரை விலக்கியது, பின்வந்த தலைமுறைகளைக் கவர்ந்தது. ஆனால் வாசகரின் விலகலோ பின்வந்தவர்களின் ஈர்ப்போ நாவலின் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றவில்லை.

அட்டையின் அழகை வைத்து உள்ளடக்கத்தை உயர்த்தி மதிப்பிடுவதும் இதே தவறின் மறுபக்கம்தான். பொன்னிற எழுத்துகளும், விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்பு அச்சும், வண்ணம் தீட்டிய பக்க விளிம்புகளும் அச்சுக்கூடத்தின் திறமையைக் காட்டுகின்றன. அவற்றை விரும்பி வாங்குவதில் குற்றமில்லை. நூலை அழகான பொருளாகப் போற்றுவது வேறு, அந்த அழகையே கதைக்கான உத்தரவாதமாகக் கொள்வது வேறு.

வகைமைக் குறிகளைப் படிக்கத் தெரியாமல் இருப்பது ஒரு குறை என்றால், அவற்றை அளவுக்கு மீறி நம்புவது இன்னொரு குறை. இருண்ட பின்னணியில் பெரிய தடித்த எழுத்துகளும் முதுகைக் காட்டி நடந்து செல்லும் உருவமும் இருந்தால் அது திகில் நாவல். பளிச்சென்ற ஒற்றை நிறப் பின்னணியில் கோட்டோவிய ஆணும் பெண்ணும் இருந்தால் அது இலகுவான காதல் கதை. முகம் தெரியாதபடி வெட்டப்பட்ட, பழங்கால உடையணிந்த பெண் இருந்தால் அது வரலாற்றுப் புதினம். இந்தக் குறிகள் பயனுள்ளவை. ஆனால் ஒரு நாவல் பெரும் வெற்றி பெற்றவுடன் அதன் அட்டையைப் போன்ற அட்டைகள் அடுத்தடுத்து வரத் தொடங்குகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஒற்றுமை, முன்னதை வாங்கியவர்கள் இதையும் வாங்குவார்கள் என்ற பதிப்பகத்தின் எதிர்பார்ப்பைத்தான் தெரிவிக்கிறது. இரண்டும் ஒரே அனுபவத்தைத் தரும் என்பதற்கு அது சான்றாகாது. இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் எழுத்தாளரைக் குறைகூறும்போது, செய்யாத வாக்குறுதிக்கு அவர் பொறுப்பேற்க நேர்கிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, “இது எனக்கான புத்தகம் அல்ல” என்று அட்டையை மட்டும் வைத்து வாசகர் விலகிச் செல்வது. 1998ஆம் ஆண்டு ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் முதல் நாவலைப் பிரிட்டனின் ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் பெரியவர்களுக்கென்று தனி அட்டையோடு வெளியிட்டது. வண்ணச் சித்திரத்துக்குப் பதிலாக ஒரு ரயில் எஞ்சினின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அதில் இருந்தது. உள்ளே கதை அதேதான். சிறுவர் நூலைப் பலர் பார்க்கப் படிப்பதற்குத் தயங்கியவர்களுக்காகவே அந்த ஏற்பாடு. பெண்கள் எழுதும் நாவல்களுக்கு இந்தத் தடை இன்னும் அழுத்தமாக விழுகிறது. 2013ஆம் ஆண்டு எழுத்தாளர் மோரீன் ஜான்சன், புகழ்பெற்ற நாவல்களை எழுதியவர் எதிர்ப்பாலினத்தவராக இருந்திருந்தால் அவற்றின் அட்டைகள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து வடிவமைக்கும்படி வாசகர்களைக் கேட்டார். ஆண்கள் எழுதிய கனமான நாவல்கள் வெளிர் நிறங்களுக்கும் பூக்களுக்கும் கனவு காணும் பெண்முகங்களுக்கும் மாறின. அந்த அட்டைகளைப் பார்த்த எவரும் உள்ளிருக்கும் எழுத்தின் கனத்தை ஊகித்திருக்க முடியாது. மென்மையான அட்டையைப் பார்த்து மென்மையான நாவல் என்று முடிவு கட்டும் வாசகர், தமக்கு வேண்டிய புத்தகத்தையே தவறவிடக்கூடும்.

அட்டையிலுள்ள முகத்தைக் கதாபாத்திரத்தின் முகமாகக் கொள்வதையும் தவிர்க்க வேண்டும். வணிகப் புகைப்படத் தொகுப்புகளிலிருந்து உரிமம் பெற்ற படங்களே பல அட்டைகளில் பயன்படுகின்றன. ஒரே படம் தொடர்பற்ற இரண்டு மூன்று நாவல்களில் இடம்பெறுவதும் உண்டு. 2009இல் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் ‘லையர்’ என்ற இளையோர் நாவல் அமெரிக்காவில் வெளிவரவிருந்தபோது, கதையைச் சொல்பவள் குட்டை முடி கொண்ட கறுப்பினப் பெண்ணாக இருக்க, அட்டையில் நீண்ட நேரான கூந்தலுடைய வெள்ளையினப் பெண் இருந்தாள். கதையைச் சொல்பவள் பொய் சொல்லும் பழக்கமுள்ளவள் என்பதே நாவலின் அடிப்படை. ஆகையால் அட்டையைப் பார்த்த வாசகர்கள், தன் நிறத்தைப் பற்றியும் அவள் பொய் சொல்கிறாளோ என்று ஐயுற்றார்கள். எழுத்தாளர் வெளிப்படையாக எதிர்த்தார். கண்டனம் பெருகிய பிறகு அட்டை மாற்றப்பட்டது. ஆப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட நாவல்களுக்கு, அவை நெரிசல் மிகுந்த நகரங்களில் நிகழ்ந்தாலும், மாலைச் சூரியனையும் குடைபோல் விரிந்த ஒற்றை வேல மரத்தையும் வைக்கும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது.

படமே இல்லாத அட்டையைக் கவனக்குறைவின் அடையாளமாக நினைப்பவர்களும் உண்டு. பிரான்சின் கலிமார் பதிப்பகம் 1911 முதல் தன் இலக்கிய வரிசையை வெளிர்மஞ்சள் அட்டையில், சிவப்பு, கறுப்புக் கோடுகளுக்குள் ஆசிரியரின் பெயரையும் தலைப்பையும் படமின்றி அச்சிட்டு வெளியிட்டு வருகிறது. பிரிட்டனில் 1935ஆம் ஆண்டு ஆலன் லேன் தொடங்கிய பென்குயின் நூல்கள், புனைகதைக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று நிறத்தை மட்டும் கொண்டு வாசகரிடம் பேசின.

இணையத்தில் வாங்கும்போது அட்டை விரல்நகத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த அளவிலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே பெரிய எழுத்துகளும் உரத்த நிறங்களும் இப்போது அதிகமாகப் பயன்படுகின்றன. நுட்பமான ஓவியம் கொண்ட அட்டை அங்கே மங்கித் தெரிந்தால் அது வடிவமைப்பின் குறையாகாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மாதிரிப் பக்கங்கள் கிடைத்தால் முதல் அத்தியாயத்தில் இரண்டு மூன்று பக்கங்களையாவது படித்துவிடுவது நல்லது. நடை தமக்கு ஒத்துவருமா என்பதை அந்தச் சில பக்கங்கள் எந்த ஓவியத்தையும்விட நம்பகமாகச் சொல்லிவிடும். அட்டையில் விருது முத்திரை இருந்தால், அந்த விருது கையிலிருக்கும் நாவலுக்குக் கிடைத்ததா, அதே ஆசிரியரின் வேறு நூலுக்குக் கிடைத்ததா, இது வெறுமனே விருதுக்குப் பரிசீலிக்கப்பட்ட நூல்களின் நெடும்பட்டியலில் இடம்பெற்றதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பாராட்டு வரிகளையும் இப்படியே நோக்க வேண்டும். ஆசிரியரின் முந்தைய நூலுக்குச் சொல்லப்பட்ட பாராட்டு புதிய நூலின் அட்டையில் இடம்பெறுவது வழக்கமானதுதான்.

கடைசியாக, சிறியதாகத் தோன்றினாலும் அடிக்கடி பணத்தை வீணாக்கும் ஒரு தவறு இருக்கிறது. கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஒன்று, மென்னட்டைக்கு ஒன்று, திரைப்படமாக வந்தபோது நடிகர்களின் படத்தோடு ஒன்று, ஆண்டுவிழாப் பதிப்புக்கு ஒன்று என ஒரே நாவல் பல அட்டைகளில் வருகிறது. சில நாவல்கள் நாட்டுக்கு நாடு வேறு தலைப்பிலும் வெளியாகின்றன. புதிய அட்டையைப் புதிய நாவலென்று எண்ணி, வீட்டில் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்குபவர்கள் பலர். தலைப்புப் பக்கத்தின் பின்புறமுள்ள பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பு வெளியான ஆண்டும், பெரும்பாலும் மூலத் தலைப்பும், சுருக்கப்பட்ட பதிப்பாக இருந்தால் அந்த விவரமும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.